கைதி இறந்துவிட்டால் அப்பீல் என்ன ஆகும்?

தண்டனைக் கைதி ஒருவர் சிறையிலேயே இறந்துபோனால், குடும்பத்தார் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, "ஆளே போயிட்டாரு, இனி அப்பீல் எதுக்கு சார்?"

விட்டுவிட்டால், சிறைத் தண்டனை மட்டும் உள்ள வழக்கில் அப்பீல் தானாக அற்றுப்போகும். 'அபேட் ஆயிடுச்சு' என்பார்கள் கோர்ட்டில். கீழ் நீதிமன்றத் தீர்ப்போ அப்படியே நிற்கும். மேலே யாருமே விசாரிக்காமல், அவர் குற்றவாளிதான் என்று முடிந்துவிடும்.

அமெரிக்காவில் பல நீதிமன்றங்கள் நேர் எதிர். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது இறந்தால் கீழ்த் தீர்ப்பையே ரத்து செய்துவிடும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரோன் ஹெர்னாண்டஸ் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 2017 ஏப்ரலில் சிறையில் இறந்தார். அடுத்த மாதமே தீர்ப்பு ரத்தானது. 2019-ல் மாசசூசெட்ஸ் மாநில உயர்மட்ட நீதிமன்றம் அந்தப் பழைய வழக்கத்தையே கைவிட்டு, தீர்ப்பைத் திரும்ப நிலைநிறுத்தியது. கொல்லப்பட்டவர் வீட்டாரை நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

நம் சட்டம் முடிவைக் குடும்பத்தின் கையில் கொடுக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 394. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் பிரிவு 435. மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ பெற்றவர் இறந்தால், 30 நாளுக்குள் நெருங்கிய உறவினர் மனு போட்டு, நீதிமன்ற அனுமதியோடு அப்பீலைத் தொடரலாம். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் போடலாம். மருமகனும் சித்தப்பாவும் அலைய உதவலாம், மனுதாரராக முடியாது.

இந்த 30 நாளில்தான் சிக்கல். போஸ்ட்மார்ட்டம், மாஜிஸ்திரேட் விசாரணை, பதினாறாம் நாள் காரியம் என்று பாதி போய்விடும். என்னிடம் வந்த ஒரு அம்மா, வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தே கெடுவைத் தாண்டிவிட்டார். சிறையில் கொடுத்த வேட்டி, மூக்குக்கண்ணாடி, தீர்ப்பு நகல் எல்லாம் ஒரே மஞ்சப்பையில். "கொலைகாரன் வீடுன்னு பொண்ணு கேட்டு வர மாட்டேங்கிறாங்க" என்றார். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சேர்த்துப் போட்டோம், ஏற்றார்கள். எல்லா முறையும் ஏற்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம். இறப்புச் சான்றிதழும், உறவைக் காட்ட ரேஷன் கார்டும் இருந்தால் முதலில் மனுவைப் போட்டுவிடலாம். மிச்சத்தை அப்புறம் தாக்கல் செய்துகொள்ளலாம்.

அபராதத்தையும் கவனியுங்கள். ஆள் இறந்தாலும் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அதை வசூலிக்கலாம். அதனால்தான், சிறையோடு அபராதமும் சேர்ந்த தண்டனையில் அப்பீல் அற்றுப்போகாது, வாரிசுகளுக்கு வாதிட வாய்ப்புத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் சொன்னது.

இன்னொன்று, வக்காலத்து, அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு இறந்தவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், அவரோடு போய்விடும். பழைய வக்கீலே பார்த்துக்கொள்வார் என்று இருக்காமல், மனுப் போடும் உறவினர் புது வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஃபீஸுக்கு வழியில்லாவிட்டால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.