ரீமாஸ்டர் என்றால் மறு ஒலிப்பதிவா?

தி ஹூ என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் டிரம்மர் கீத் மூன் 1978 செப்டம்பரில் இறந்துபோனார். அவர் வாசித்த ‘லைவ் அட் லீட்ஸ்’ கச்சேரித் தட்டு ‘1995-இல் மறு ஒலிப்பதிவு செய்யப்பட்டது’ என்று போன வாரம் ஒரு தமிழ்க் கட்டுரையில் படித்தேன். போய்ச் சேர்ந்து பதினேழு வருடம் கழித்து மனிதர் எழுந்து வந்து டிரம்ஸ் வாசித்தாரா? ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆங்கிலத்தில் ரீமாஸ்டர் என்ற சொல் வரும் இடமெல்லாம் தமிழில் இதே ‘மறு ஒலிப்பதிவு’தான், சில சமயம் ‘மீள்பதிவு’. எத்தனை தடவைதான் சிரிப்பது?

மாஸ்டருக்கு மூலம் லத்தீனின் மகிஸ்டர்: தலைவர், ஆசிரியர். அதே சொல் போர்ச்சுகீசியர் வாயில் மெஸ்த்ரே ஆகி, நம்மூர்க் கட்டட வேலையில் மேஸ்திரி ஆனது. ஆங்கில வழியாக வந்தவர் டீ மாஸ்டர். ஒலிப்பதிவில் மட்டும் மாஸ்டர் ஆள் இல்லை, பொருள். எந்த நாடாவிலிருந்து எல்லாப் பிரதிகளும் எடுக்கப்படுகின்றனவோ, அந்த நாடா. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் தவறு புரியும். 1970 பிப்ரவரி 14 இரவு, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் கச்சேரி. பாட்டு, கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் எட்டுத் தடம் கொண்ட நாடாவில் தனித்தனியாகப் பதிவாயின. இது ஒலிப்பதிவு. பிறகு குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் உட்கார்ந்து எது எவ்வளவு ஓங்க வேண்டும் என்று பார்த்து இரண்டு தடங்களாகக் கலந்தார். இது மிக்ஸ். அந்தக் கலவையை இசைத்தட்டு தாங்கும் விதமாகப் பதப்படுத்துவது மாஸ்டரிங். பேஸின் கனத்த அடியொலி அளவு மீறினால் தட்டில் ஊசி குதிக்கும்; ஒரு பக்கத்தில் அதிக நேரத்தை அடைத்தால் ஒலி மெலியும். குறுந்தகட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால் பழைய கலவையை எடுத்து, இந்தக் கடைசி வேலையை மட்டும் புதிதாகச் செய்வது ரீமாஸ்டர்.

டீக்கடையில் நின்று பார்த்தால் இன்னும் சுலபம். பால், டிகாக்‌ஷன், சர்க்கரை சேர்ப்பது மிக்ஸ். ஆற்றி, நுரை வரவைத்து, கிளாஸுக்கு ஏற்ற அளவில் ஊற்றுவது மாஸ்டரிங். மறுபடி ஆற்றினால் சூடு மாறும், நுரை கூடும்; போட்ட சர்க்கரையை எந்த மாஸ்டராலும் திருப்பி எடுக்க முடியாது. சர்க்கரை கூடிப்போச்சு என்றால் முதலிலிருந்து கலக்க வேண்டும். அது ரீமிக்ஸ். இதில் ‘மறு ஒலிப்பதிவு’ என்பது மாட்டை மறுபடி கறப்பது.

சரி, ‘மெருகேற்றிய பதிப்பு’ என்கிறார்களே, அது? ‘மறு ஒலிப்பதிவு’ அறியாமை. இது அதைவிட மோசம், விளம்பரம். மெருகு என்றால் தட்டானின் கடைசி வேலை. கறுத்த நகை பளபளவென்று திரும்பி வரும். ஆனால் ரீமாஸ்டர் செய்ததெல்லாம் பளபளப்பாகவா வருகிறது? தொண்ணூறுகளிலிருந்து பல பழைய தட்டுகளை, மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஒரே உயரத்துக்கு இழுத்துக் காது வலிக்கும்படி வெளியிட்டார்கள். முதல் நிமிடம் ஆகா என்றிருக்கும். அரைமணி நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றத் தோன்றும். அதற்கும் மெருகேற்றிய பதிப்பு என்றே பெயர்! கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடும் சொல் கலைச்சொல்லாக எப்படி இருக்கும்?

இந்த லீட்ஸ் தட்டையே எடுத்துக்கொள்வோம். 1970 தட்டில் அங்கங்கே சடசடவென்று ஒரு சத்தம் வரும். வாங்கியவர்கள் தட்டில்தான் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, சடசடப்பு இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்ற பொருளில் தட்டின் நடுத்தாளிலேயே எழுதியிருந்தார்கள். அட்டையும் திருட்டுப் பதிவு போல வெறும் பழுப்பு அட்டைதான். 1995-இல் அந்தச் சடசடப்பைக் கணினியில் துடைத்தார்கள், ஆறு பாடல் பதினான்கு ஆனது. கேட்க சுத்தமாகத்தான் இருக்கிறது. கீத் மூன் சிம்பலை அடித்து அது அடங்குவதுவரை தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் அந்தச் சடசடப்பு வர வேண்டிய இடத்தில் என் காது ஒரு கணம் காத்திருக்கிறது. இருக்கட்டும் என்று எழுதி வைத்ததை எடுத்துவிட்டு மெருகு என்றால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘மறுதேர்ச்சி’ என்று ஒருவர் போட்டிருந்தார். அரியர் எழுதிப் பாஸான மாதிரி இருக்கிறது. இந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலத்தில் ‘ரீ’யைக் கண்டால் போதும், கை தானாக ‘மறு’வோ ‘மீள்’ளோ தட்டிவிடும். அடுத்து நிற்கும் சொல் என்ன வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

நான் முதலில் ‘தாய்ப்படி’ என்று வைத்துப் பார்த்தேன். பத்திரப் பதிவில் தாய்ப்பத்திரம் என்கிறோமே, அந்த வழியில். ஆனால் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையில் ஒரு உலோகத் தகட்டுக்கு ஏற்கெனவே ‘மதர்’ என்று பெயர் இருக்கிறது, குழப்பம்தான் மிஞ்சும். தாய்ப்பத்திரத்துக்கே மூலப்பத்திரம் என்று இன்னொரு பெயர் உண்டல்லவா? ஆக, மாஸ்டர் மூலப்படி. ரீமாஸ்டர் புது மூலப்படி. ‘1995-இல் புது மூலப்படியுடன் வெளியானது’ என்று எழுதினால் யாருக்கும் புரியும், நல்லது கெட்டது என்று தீர்ப்பும் சொல்லாது. ரீமிக்ஸுக்கு மறுகலவை. மறு ஒலிப்பதிவை, பாடகர் நிஜமாகவே மறுபடி மைக் முன் நிற்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். நீளம் என்று தோன்றினால் ரீமாஸ்டர் என்றே தமிழில் எழுதுங்கள். தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

கறாராகச் சொன்னால் 1995 லீட்ஸ் வெறும் புது மூலப்படியும் இல்லை. ஒலிப்பொறியாளர் ஜான் ஆஸ்ட்லி எட்டுத் தட நாடாவுக்கே திரும்பிப் போய் மறுபடி கலந்தார். மறுகலவை, அதன் மேல் புது மூலப்படி. ஆங்கிலத்திலேயே இரண்டையும் ரீமாஸ்டர் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

லீட்ஸ் கச்சேரிக்கு மறுநாள், 1970 பிப்ரவரி 15, ஹல் நகரத்தில் இதே குழு நடத்திய கச்சேரி இன்னும் வேடிக்கை. நாடாவில் முதல் சில பாடல்களுக்கு பேஸ் பதிவாகவே இல்லை. 2010-இல் அதை வெளியிட்டபோது, லீட்ஸ் இரவில் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் வாசித்த பேஸை எடுத்து ஹல் பாடல்களுக்குள் பொருத்தினார்கள். அதற்கு மூலப்படி, மறுகலவை எதுவும் சரிவராது. ஒட்டுப்போட்டது என்பதுதான் சரியான தமிழ்.