உள்ளுக்குள் களிமண்ணாகும் மலை

எரிமலை வெடிக்காதவரை அதன் அடிவாரத்தில் குடியிருப்பதில் என்ன ஆபத்து என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் எரிமலையிலிருந்து இறங்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆர்ட்டிங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் 4,000-க்கும் குறைவாக இருந்த அதன் மக்கள்தொகை 2020-இல் 9,000-ஐத் தாண்டிவிட்டது. அங்கே புதுவீடுகளுக்காக நிலத்தைத் தோண்டியபோது, நின்ற நிலையிலேயே புதைந்துபோன பெருமரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்பட்டன. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் மலையின் மேற்குச் சரிவு இடிந்து சேறாகப் பாய்ந்து அக்காட்டை மூடியிருக்கிறது. அதையொட்டி எரிமலை வெடித்ததற்குத் தெளிவான தடயம் இல்லை.

வெடிக்காத மலை ஏன் இடிய வேண்டும்? ஆழத்திலுள்ள பாறைக்குழம்பிலிருந்து கசியும் கந்தக வாயுக்கள், பனியாறுகள் உருகி உள்ளே இறங்கிய நீரில் கரைந்து கந்தக அமிலமாகின்றன. அந்த அமிலம் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தை நூற்றாண்டுக் கணக்கில் அரித்துக் களிமண்ணாக்குகிறது. வெளியே பார்த்தால் பனிமூடிய கம்பீரம். உள்ளேயோ நீர் ஊறிய களிமண். அது சரியும்போது வேறெங்கிருந்தும் தண்ணீர் வர வேண்டியதில்லை, ஏனெனில் துளைகளில் அடைபட்டிருந்த நீரே மொத்தத்தையும் குழைத்துவிடுகிறது. ஜாவா மொழிச் சொல்லைக் கொண்டு இதை ‘லஹார்’ என்பர்.

லஹாரின் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வரை போகும். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இங்கே அச்சமூட்டும் அழகுடன் வேலை செய்கிறது: நீரைவிட 2.6 மடங்கு அடர்த்தியுள்ள, ஆயிரம் கிலோ எடையுள்ள பாறை, நீரில் மூழ்கும்போது ஏறத்தாழ 600 கிலோவாகவும், இச்சேற்றில் வெறும் 230 கிலோவாகவும் எடை குறைகிறது. வீட்டளவு பாறைகளும் உருண்டு வருவது இதனால்தான்.

வெடிப்பினால் வரும் லஹாரும் உண்டு. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் சிறிய அளவில் வெடித்துப் பனியை உருக்கியதில், ஆர்மெரோ நகரமும் சுற்றுப்புறமும் 20,000-க்கும் மேற்பட்டோரை இழந்தன. அபாய வரைபடம் முன்பே தயாராகியிருந்தது. அழிவுக்குப் பிறகு தாராளமாகவும் அதற்கு முன் தயங்கித் தயங்கியும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

ரெய்னியரின் பள்ளத்தாக்குகளில் 1998 முதல், நிலத்தின் அதிர்வைக் கேட்டு லஹாரைக் கண்டறியும் கருவிகள் இயங்குகின்றன. எச்சரிக்கை ஒலித்தபின் ஆர்ட்டிங்குக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சாலைகள் அடைபடும் என்பதால் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டுநிலத்தை நோக்கி நடந்தே ஒத்திகை பார்க்கிறார்கள்.