பனி இழுத்துப்போன யுரேனியம்

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தின் வடக்கே அத்தபாஸ்கா என்றொரு மணற்கல் படுகை இருக்கிறது. உலகிலேயே செறிவு மிகுந்த யுரேனியத் தாது கிடைப்பது இந்தப் பகுதியில்தான். ஆனால் அங்கே நடந்துபோகிறவருக்கு எதுவும் தெரியாது. தாதுப் பாறையின் மேல் மண்ணும் கல்லும் கலந்த படிவு, அதன் மேல் ஏரி, சதுப்பு, பைன் காடு. அரை மீட்டர் மண் இருந்தாலே, தாதுவிலிருந்து வரும் காமா கதிர்களில் பெரும்பகுதி உள்ளேயே அடங்கிவிடும்.

அந்தப் படிவைக் கொண்டுவந்து போட்டது பனி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்பாளம், தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து, அடிப்பாறையைப் பெயர்த்து அரைத்து இழுத்துக்கொண்டு போனது. வழியில் தாது தலைகாட்டியிருந்தால் அதையும் விடவில்லை. பனி உருகியபின், தாதுத் துண்டுகள் அது போன திசையில் நீண்ட வாலாகப் பரவிக் கிடக்கின்றன. மூலத்தின் அருகே நிறைய, போகப்போகக் குறைவு.

ஆகவே வாலைக் கண்டால் பனி வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். திசையைச் சொல்வது, பாறையில் பனி இழுத்த கீறல்கள். இங்கே கடைசிப் பனி பெரும்பாலும் தென்மேற்காகப் போயிருக்கிறது. ஆனால் பனி காலப்போக்கில் திசை மாறும். ஒரே பாறையில் இரண்டு திசைக் கீறல்கள் குறுக்கே வெட்டிக் கிடக்கும். எது முந்தியது, எது பிந்தியது என்று பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான திறமை என்பேன்.

2011-இல் அத்தபாஸ்கா பகுதியின் பேட்டர்சன் ஏரிக்கு மேற்கே கதிர்வீச்சு மிகுந்த பாறாங்கற்கள் சிக்கின. பனி வந்த கிழக்குத் திசையில் தேடிக்கொண்டே போனவர்கள், 2012-இல் ஏரிக்கரையில் துளையிட்டுத் தாதுவையே தொட்டார்கள்.

சரி, பாறாங்கல் கிடைக்காவிட்டால்? பத்துக் கிலோ அளவில் மண்ணை அள்ளி, நீரில் அலசி, பிறகு அடர்த்தி மிகுந்த திரவத்தில் போடுவார்கள். குவார்ட்ஸ் மிதக்கும், கனமான கனிமங்கள் அடியில் தங்கும். வைரம் தேடியவர்கள் இப்படிப் பிரித்த, வைரத்தின் துணைக் கனிமமான சிவப்பு கார்னெட் மணிகளைப் பின்தொடர்ந்துதான் 1991-இல் கனடாவின் வடக்கே எக்காட்டி வைரப் படிவைக் கண்டார்கள்.

யுரேனியத்தில் இது அவ்வளவு எளிதல்ல. அதன் முக்கியத் தாதுவான யுரேனினைட் இரும்பை விடக் கனமானது என்றாலும், ஆக்சிஜன் கலந்த நீர் பட்டால் கரைந்துபோகும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமம் ஆற்றையும் அலையையும் தாங்கி நிற்பதுபோல இதனால் நிற்க முடியாது. அதனால் மேல் மண்ணை நம்பாமல், காற்றும் நீரும் அதிகம் எட்டாத ஆழத்தில் மாதிரி எடுக்கிறார்கள். தாதுவை உருவாக்கிய சூடான நீர் சுற்றியிருந்த மணற்கல்லையும் மாற்றியிருக்கும். அங்கே உண்டான இல்லைட் களிமண்ணும் போரான் கொண்ட டூர்மலின் கனிமமும் பனி இழுத்த கற்களில் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். இந்த மாற்றம் தாதுவை விடப் பல மடங்கு பரந்திருப்பதால் இவை சிக்க வாய்ப்பு அதிகம்.

கரைந்த யுரேனியமும் வீணாவதில்லை. ஓடைகள் வழியே ஏரிக்குப் போய், அடியிலுள்ள மட்கிய சேற்றில் ஒட்டிக்கொள்ளும். 1975, 1976-இல் இதே பகுதியின் கீ லேக் யுரேனியப் படிவுகளைக் கண்டுபிடித்தபோது பாறாங்கற்களோடு இந்த ஏரிச் சேறும் வழிகாட்டியது. அங்கே 1983-இல் தொடங்கிய சுரங்கம், தன் காலத்தில் உலகின் மிகப் பெரிய யுரேனியச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது.