அடிபட்ட சைட்லிட்ஸ்: 1:350 அளவில் குண்டுத்துளை செய்வது எப்படி

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மானியக் கடற்படைகள் மோதிய ஜட்லாந்து கடற்போர் முடிந்து, 1916 ஜூன் தொடக்கத்தில் ஜெர்மானியப் போர்க்குரூசர் (பெரும் பீரங்கிகள் கொண்ட வேகமான போர்க்கப்பல்) சைட்லிட்ஸ் தன் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனை நோக்கித் தவழ்ந்து வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெருங்குண்டுகளும் ஒரு டார்பிடோவும் அதைத் தாக்கியிருந்தன. கப்பலில் 98 பேர் இறந்திருந்தார்கள். உள்ளே 5,300 டன்னுக்கு மேல் கடல்நீர் புகுந்திருந்தது.

200 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலை 1:350 அளவில், அதாவது நிஜத்தில் 350-இல் ஒரு பங்காக, மாதிரியாகச் செய்தால் 57 செ.மீ. வரும். நீளம் சரியாக அமைந்துவிடும். சிக்கல் தகட்டின் தடிமனில்தான். மாதிரியின் பிளாஸ்டிக் உடல் 1 மி.மீ. தடிமன் என்றால், அது நிஜத்தில் 35 செ.மீ. எஃகுக்குச் சமம். கவசமில்லாத பக்கத் தகடோ 10 மி.மீ. அளவுதான், மாதிரியில் 0.03 மி.மீ. பிளாஸ்டிக்கை அப்படியே துளைத்தால் கோட்டைச் சுவரில் ஓட்டை போட்டதுபோல் இருக்கும்.

அதனால் அடிபட்ட இடத்தைச் சற்றுப் பெரிதாக வெட்டி எடுத்துவிட வேண்டும். சமையலறை அலுமினியத் தாள் பெரும்பாலும் 0.011 மி.மீ. இருக்கும், மூன்று அடுக்கு போதும். விளிம்பில் சூப்பர் குளூவை மெல்லப் பூசித் தாளை ஒட்டி, பல்குச்சியால் நீவுங்கள். ஒட்டிய ஓரம் தெரியாதபடி நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தபின், நடுவில் நட்சத்திரம்போல் கீறி ஊசியால் உள்நோக்கி மடியுங்கள். குண்டு நுழைந்த இடத்தில் விளிம்பு உள்ளே வளையும். உள்ளே வெடித்து வெளியேறிய இடத்தில் வெளியே பிதுங்கும். இதை மாற்றிச் செய்தால் குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதே பொய்யாகிவிடும்.

சூடாக்கிய ஊசியால் பிளாஸ்டிக்கைக் குத்துவது எளிதுதான். ஆனால் உருகிய மெழுகுபோல் வட்ட உதடு எழும். எஃகு அப்படி உருகுவதில்லை, கிழிகிறது.

நீர்க்கோட்டை ஒட்டிய கவசப் பட்டையின் கதை வேறு. 300 மி.மீ. கவசம் மாதிரியில் 0.86 மி.மீ.; அங்கே பிளாஸ்டிக்கின் தடிமனே ஏறக்குறைய பொருந்துகிறது. பிரிட்டிஷ் குண்டுகள் 305 முதல் 381 மி.மீ. விட்டமுள்ளவை, ஆகவே 0.9 முதல் 1.1 மி.மீ. துளைமுனை போதும். இந்தக் கவசத்தின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, அதனால் இதழ் இதழாக விரியாது. துளையைச் சுற்றிச் சில்லுகள் பெயரும். கத்தி முனையால் அதைச் செதுக்கலாம்.

பிளாஸ்டிக்குக்குப் பதில் ரெசினில் (வார்ப்புப் பிசினில்) செய்த மாதிரியின் உடல் பெரும்பாலும் கெட்டிப் பாளமாக வரும். 5 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து, உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு பூசுங்கள். ரெசின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்; முகக்கவசம் கட்டாயம். துளை பெரியதென்றால் உள்ளே ஒரு தளத்தின் விளிம்பையாவது காட்டுங்கள்: தளத்துக்குத் தளம் சுமார் 7 மி.மீ. இடைவெளி.

துரு விஷயத்தில் பலரும் கைமீறிப் போகிறார்கள். திரும்பும் வழியில் இருக்கும் கப்பலைக் காட்டுவதானால், கிழிந்த எஃகு கருஞ்சாம்பல் நிறம்தான். ஆரஞ்சுத் துரு படிவது பிறகு. புகைக்கரிக்குப் பாஸ்டல் (ஓவியர்களின் வண்ணச் சுண்ணக்கட்டி) தூள் நல்லது. மேலே வார்னிஷ் தெளித்ததும் நிறம் வெளிறும் என்பதால் ஒரு படி அழுத்தமாகவே பூசுங்கள்.

டார்பிடோ கிழித்த பெரிய ஓட்டை நீருக்கடியில் இருக்கிறது. கடற்பரப்போடு வைக்கும் மாதிரியில் அதைச் செய்யவே வேண்டாம், கப்பலின் சாய்வே அதைச் சொல்லும். வழக்கமாக 9 மீட்டரைச் சற்றே தாண்டி அமிழும் முன்புறம் அன்று ஏறத்தாழ 14 மீட்டர் அமிழ்ந்திருந்தது. மாதிரியில் 26 மி.மீ. ஆழம் 40 மி.மீ. ஆகிறது. உடலின் அடியை வெட்டும் முன் இந்தச் சாய்கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். வெட்டியபின் திருத்த வழியில்லை.