ஸ்டன்னிங் – உணர்விழக்கச் செய்தல்

இறைச்சிக்கூடச் சட்டங்களில் அடிக்கடி வரும் சொல் ஸ்டன்னிங். கழுத்தை அறுத்து இரத்தத்தை வடியவிடும் முன், எதையும் உணராத நிலைக்கு விலங்கைக் கொண்டுபோவதுதான் இது. தமிழில் எழுதும்போது 'மயக்குதல்' என்ற சொல் சட்டென்று கைக்கு வரும். அது போதாது என்பது என் கருத்து.

இதன் வேர் பழைய பிரெஞ்சுச் சொல்லான 'எஸ்டோனர்'. அதற்கும் பின்னால் இடி முழக்கத்தைக் குறிக்கும் லத்தீன் 'டோனாரே' இருக்கிறது. தலையில் இடி விழுந்த மாதிரி நிலைகுலைய வைப்பது என்பதே முதல் பொருள். கனத்த சுத்தியலால் நெற்றியில் அடித்து மாட்டைச் சாய்த்த காலத்துக்கு அது பொருந்தியது. குறி தவறினால் நினைவோடு நிற்கும் மாட்டை மறுபடியும் அடிக்க வேண்டியிருந்தது. 1903இல் ஜெர்மனியில் ஹூகோ ஹெய்ஸ் போல்ட் துப்பாக்கியை உருவாக்கினார். அதிலிருந்து குண்டு பாயாது. ஓர் எஃகுத் தண்டு சீறி வந்து மண்டையோட்டைத் தாக்கிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும்.

இன்றைய பொருள் இன்னும் கறாரானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, வலியின்றி நினைவையும் புலனுணர்வையும் இழக்கச் செய்யும் செயல் என்று இதை வரையறுக்கிறது. நினைவு போக வேண்டும், புலனுணர்வு போக வேண்டும், போகும்போது வலிக்கவும் கூடாது.

இது நடந்ததா என்று எப்படித் தெரியும்? கருவிழியைத் தொட்டால் இமை அசையக் கூடாது. சீரான மூச்சு இருக்கக் கூடாது. விலங்கு தலையைத் தூக்கி நிமிர முயலக் கூடாது. கால் உதறுவதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. மூளை அடங்கிய பிறகும் தண்டுவட அனிச்சையால் கால்கள் உதறும். இதற்கு நேர்மாறான நிலைதான் கொடுமை. மின்சாரம் மூளை வழியாகச் சரியாகப் பாயாமல் உடல் வழியாக மட்டும் பாய்ந்தால் தசைகள் விறைத்து, விலங்கு அசையாமல் கிடக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்தது போலத் தெரியும். ஆனால் அதற்கு நினைவும் இருக்கும், வலியும் இருக்கும். கத்த மட்டும் முடியாது.

இதனால்தான் 'செயலிழக்கச் செய்தல்' என்று எழுதவே கூடாது. 'மயக்குதல்' அவ்வளவு தவறில்லை, மயக்க மருந்து என்று சொல்கிறோம்தான். ஆனால் தலைசுற்றலும் மயக்கம், மோகமும் மயக்கம். 'மயக்கமா இருக்கு' என்று சொல்பவருக்கு நினைவு இருக்கிறது. 'உணர்விழக்கச் செய்தல்' என்றால் இந்தக் குழப்பம் இல்லை. 'உணர்வு வந்துவிட்டதா?' என்று நினைவைக் கேட்கிறோம், 'கால் உணர்வில்லாமல் மரத்துப்போச்சு' என்று புலனையும் சொல்கிறோம். வரையறை கேட்கும் இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. பெயராக வேண்டுமென்றால் உணர்விழப்பு. கருவிக்கு உணர்விழப்புக் கருவி.

'வலியின்றி' என்பது மட்டும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. அதைத் தனியே சேர்த்துத்தான் எழுத வேண்டும், அதுவும் உண்மையாக இருக்கும் இடத்தில் மட்டும். பன்றிகளைக் கார்பன் டை ஆக்சைடு அடர்ந்த அறைக்குள் இறக்கும் முறையில் உணர்வு உடனே போகாது. மூக்கின் ஈரத்தில் அந்த வாயு அமிலமாக மாறி எரிய, அவை மூச்சுக்குத் திணறித் தப்பிக்கப் பார்க்கும். கோழிகளையோ உணர்வோடு கால்களில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்சாரம் பாயும் நீர்த்தொட்டிக்குள் தலை மூழ்கும்படி கொண்டுபோகிறார்கள். தலையைத் தூக்கிக்கொள்ளும் கோழி உணர்வோடேயே கத்தியிடம் போய்ச் சேரும். இவ்விரண்டையும் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்ற பரிந்துரை அந்த 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை எழுதியவர்கள் முன்னால் இருந்தது. இப்போதைக்குப் பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாது என்று அதன் முன்னுரையிலேயே சொல்லி அதை ஒதுக்கிவிட்டார்கள்.