சிஆர்பி நார்மல் என்றால் நோய் அடங்கிவிட்டதா?

"சிஆர்பி நார்மல்னு வந்துடுச்சு டாக்டர், அதான் ஊசியை நிறுத்திட்டேன்."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாகச் சொன்னவர், முதுகுத்தண்டு அழற்சி வாதத்தை அடக்க ஊசி போட்டுவந்த ஓர் இளைஞர். கழுத்தைத் திருப்ப முடியாமல் நாற்காலியோடு சேர்ந்து திரும்பித்தான் என்னிடம் பேசினார். விடியற்காலையில் வலி தாங்காமல் எழுந்து வீட்டுக்குள் நடக்கிறாராம். காலையில் முதுகு இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைத் தாளில் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி எண்ணை வட்டம் போட்டுக் காட்டுகிறார். உடம்பு சொல்வதை விட்டுவிட்டுத் தாள் சொல்வதை நம்பியிருக்கிறார்.

முதுகுத்தண்டு அழற்சி வாதம், அதாவது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் அதன் உறவுக்கார நோய்களும், ரத்தத்தில் எப்போதும் தடயம் விடுவதில்லை. சிஆர்பி கல்லீரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். முடக்குவாதத்தில் நோய் கிளம்பும்போது அது பெரும்பாலும் கூடவே ஏறும். முதுகுத்தண்டு விஷயத்தில் அப்படி நம்ப முடியாது. எம்ஆர்ஐயில், முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் மூட்டுப் பக்க எலும்பு அழற்சியால் பளிச்சென்று தெரியும். அதே வாரம் எடுத்த சிஆர்பி சாதுவாக இருக்கும். இது அபூர்வமும் இல்லை, நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். மறுபக்கம், பல்லில் சீழ் பிடித்தாலும் சிஆர்பி ஏறும், சாதாரணக் காய்ச்சலிலும் ஏறும், உடல் பருமனாலும் கொஞ்சம் கூடியிருக்கும். அழற்சியைப் பார்க்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆர் இன்னும் மோசம்: ரத்தசோகை, வயது, கர்ப்பம் எல்லாம் அதை ஏற்றிவிடும்.

அப்படியானால் சிஆர்பி வீணா? இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நோய் உச்சத்தில் இருந்தபோது என் சிஆர்பி ஏறியதா? அன்று 40 இருந்து இன்று 3 என்றால், அது நல்ல செய்தி. அன்றும் 3, இன்றும் 3 என்றால் அந்த எண் உங்கள் நோயைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

இந்த நோயோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. அது மரபணு. ரத்த வகையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்களா? பாசிட்டிவாக இருந்தது நெகட்டிவாக மாறாது. எக்ஸ்ரேயும் இன்றைய நோயைக் காட்டாது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சேதத்தைத்தான் காட்டும்.

சரி, எதை வைத்துத்தான் அளக்கிறோம்? பெரும்பாலும் உங்கள் பதில்களை வைத்து. 1994-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து மருத்துவர்கள் வெளியிட்ட பாஸ்டாய் என்ற ஆறு கேள்விப் பட்டியலை இன்றும் பயன்படுத்துகிறோம். சோர்வு, கழுத்து-முதுகு-இடுப்பு வலி, மற்ற மூட்டுகளின் வலியும் வீக்கமும், தொட்டால் வலிக்கும் இடங்கள், காலை இறுக்கம் எவ்வளவு கடுமை, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். இறுக்கம் பற்றிய கடைசி இரண்டுக்கும் சராசரி எடுத்து, முதல் நான்கோடு கூட்டி, 5 ஆல் வகுக்க வேண்டும். முதல் நான்கும் 6, 7, 2, 3; இறுக்கத்தின் கடுமை 6; நேரம் ஒரு மணி, அதற்கு 5. கணக்குப் போட்டால் 4.7 வரும். 4-ஐத் தொட்டாலே நோய் தீவிரமாக இருப்பதாக எடுத்துக்கொள்வோம்.

பாஸ்டாயிலும் ஓட்டை இருக்கிறது. உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா கூடவே இருந்தால், அழற்சி இல்லாமலே மதிப்பெண் எகிறும். அதை நம்பி மருந்தை மாற்றினால் பலன் இருக்காது. அதனால்தான் பதில்களையும் சிஆர்பியையும் சேர்த்துக் கணக்கிடும் ஆஸ்டாஸ் என்ற மதிப்பெண் வந்தது. அதில் 1.3-க்குக் கீழ் என்றால் நோய் அடங்கியிருக்கிறது; 2.1-க்குக் கீழ் குறைந்த தீவிரம், 3.5-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. புது மருந்து தொடங்கிக் குறைந்தது 12 வாரம் கழித்துப் பார்க்கும்போது முன்பைவிட 1.1 புள்ளியாவது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்போம். (சிஆர்பியை மட்டும் பார்த்து 'எல்லாம் நார்மல்' என்று எழுதி அனுப்பும் சக மருத்துவர்களே, இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் செயலி கைபேசியிலேயே கிடைக்கிறது.)

ஆனால் நீங்கள் தரும் பதில் தப்பாக இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டுப் போகாதீர்கள். கேள்வி கடந்த ஒரு வாரத்தைப் பற்றியது, இன்று காலையைப் பற்றியது அல்ல. கூட வந்தவர் பதில் சொல்ல வேண்டாம். அவருக்கு உங்கள் முதுகு தெரியாது. டாக்டர் வருத்தப்படுவாரே என்று வலியைக் குறைத்துச் சொல்கிறவர்களும், ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று கூட்டிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே உங்களுக்குத்தான் நஷ்டம். வலி மாத்திரை தினமும் போட்டுக்கொண்டு 'வலி 2' என்றால், மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரை இல்லாத 2 வேறு.

பரிசோதனைக்கு முன் காய்ச்சல், சளி இருந்ததா? சொல்லிவிடுங்கள். இந்த நோய் கண், குடல், தோலையும் தொடலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு எங்கள் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், தோலில் செதில் செதிலாகத் தடிப்பு வந்தாலும் சொல்ல வேண்டும். புகைப்பதை விட்டுவிடுங்கள். உடற்பயிற்சியை மருந்து போலவே தினமும் செய்யுங்கள். வலிக்கிற நாளில் குறைத்துச் செய்யலாம், நிறுத்தக் கூடாது.

அப்புறம் அந்த ஊசி. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆஸ்டாஸ் பல மாதங்கள் தொடர்ந்து அடங்கிய நிலையிலேயே இருந்தால், ஊசிகளுக்கு இடையேயான நாட்களைக் கூட்டிப் பார்க்கலாமா என்று நாமே உட்கார்ந்து பேசலாம். இடைவெளியைக் கூட்டியதும் மறுபடி அளப்போம். ஏறினால் பழைய அளவுக்குத் திரும்புவோம். தயவுசெய்து, அந்தப் பேச்சு நடக்கும்வரை ஊசியை நிறுத்தாதீர்கள்.