செஸ் இன்ஜின் யாருடையது, சோதித்தது யார்?

மென்பொருள் சோதனை என் தொழில். செஸ் ஆடும் மென்பொருள்களான இன்ஜின்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பது பல வருடப் பழக்கம். தெரிந்தவர் ஒருவர், "சொந்தமாக எழுதின இன்ஜின், சோதித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு ஜிப் கோப்பை அனுப்பினார். திறந்தால் இயங்கும் கோப்பு ஒன்றுதான். மூல நிரலும் இல்லை, உரிம வாசகமும் இல்லை.

டெர்மினலில் ஓடவிட்டு, இன்ஜின் தன்னைப் பற்றிய விவரங்களைச் சொல்ல வைக்கும் யுசிஐ கட்டளையைத் தட்டினேன். ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் வந்தது. அதற்குக் கீழே வந்த அமைப்புகளின் பட்டியலோ பெயர், வரிசை, தொடக்க மதிப்பு எல்லாமே ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபலமான இலவச இன்ஜினில் இருப்பதுதான். கோப்புக்குள் இருந்த எழுத்துகளைத் துழாவினால் ஸ்டாக்ஃபிஷின் பிழைச் செய்திகளும் அப்படியே கிடந்தன. சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஸ்டாக்ஃபிஷை எடுத்து மாற்றுவது தப்பே இல்லை. அதுவே குளோரங் என்ற இன்ஜினிலிருந்து 2008-இல் கிளைத்ததுதான். அதன் உரிமமான ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்படி காசுக்கு விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குபவருக்கு மூல நிரல் கிடைக்க வேண்டும், முன்பு எழுதியவர்களின் பதிப்புரிமைக் குறிப்பு இருக்க வேண்டும், அதே உரிமம் தொடர வேண்டும். மீறினால் உரிமமே பறிபோகும். 2021-இல் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற இன்ஜினை விற்றபோது இதுதான் வழக்கானது. நரம்பு வலைப்பின்னல் புதிது, நிரல் பெரும்பாலும் எங்களுடையது என்றது ஸ்டாக்ஃபிஷ் குழு. ஜெர்மனியில் நடந்த வழக்கு 2022-இல் சமரசமாக முடிந்தது. ஸ்டாக்ஃபிஷ் கலந்த நிரல்களின் விற்பனையை நிறுத்தவும், சுதந்திர மென்பொருள் விதிகளைக் கவனிக்கத் தனியாக ஒருவரை நியமிக்கவும் செஸ்பேஸ் ஒப்புக்கொண்டது.

சரி, சோதிப்பவர் பக்கம் வருவோம். 2011-இல் ரிப்கா இன்ஜின், கிராஃப்டி, ஃப்ரூட் என்ற வேறு இரண்டு இன்ஜின்களிலிருந்தும் எடுத்தது என்று சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம் முடிவு செய்து, 2007 முதல் 2010 வரை வென்ற உலகப் பட்டங்களைப் பறித்தது. ஆசிரியர் வாசிக் ராய்லிக் அதை மறுத்தார். விசாரணையை நடத்தியவர்களில் ஒருவர் ராபர்ட் ஹயாட், கிராஃப்டியை எழுதியவரே! ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

விற்பவரே நடத்திய போட்டியின் முடிவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். நூறு ஆட்டத்தில் பாதி டிரா என்றால் பிழை வரம்பு இரு பக்கமும் ஏறக்குறைய 50 எலோ (ஆட்ட வலிமையை அளக்கும் புள்ளி). "20 எலோ கூடுதல்" என்ற விளம்பரம் அதற்குள்ளேயே கரைந்துவிடும். ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடினார்களா, இரண்டு இன்ஜினுக்கும் ஒரே நினைவக அளவா, ஆட்டப் பதிவுகள் முழுதாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம், ஒரே வேரிலிருந்து வந்த இரண்டை மட்டும் மோதவிட்டு வந்த வித்தியாசம், வேறு வகை இன்ஜின்களிடம் போகும்போது பெரும்பாலும் சுருங்கிவிடும்.

அந்த நண்பரிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மூல நிரலோடும் உரிமக் கோப்போடும் திரும்ப அனுப்பினார். அவர் மாற்றியிருந்தது நாற்பது வரிக்கும் குறைவு. அதில் ஒரு மாற்றம் நல்ல யோசனைதான். இப்போது அதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.